சதவீதக் குறிக்குப் பின்னால்

திங்கட்கிழமை காலைத் தேநீர் வேளையில், கணிதத் துறையின் பொது அறைச் சுவரில் புதிய கட்டுரையின் முதல் பக்கத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. மூன்று இருந்திருக்க வேண்டும்.

வசேமதா கையில் மரவள்ளிக்கிழங்கு கேக்குடன் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். பிரெண்டன் ஹார்ஸ்ஃபால். அவருக்குப் பக்கத்தில், பிரிஸ்பேனில் இருக்கும் அவருடைய சிநேகிதர் ரோரி கீன். அதோடு சரி.

"எங்க வசேவை நான் மறக்கல, பாருங்க" என்று ஹார்ஸ்ஃபால் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே நூற்பட்டியலுக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பொறுமையாகத் தட்டச்சு செய்து தந்த வசேமதாவுக்கு நன்றி. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்புக்காக அன்று முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தட்டச்சாம். பொறுமையாம். அந்தப் பொறுமை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

வசேமதா வடக்குத் தீவில் இருக்கும் லம்பாசாவில் பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். முதுகலை முடித்து, தலைநகர் சுவாவுக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் பயிற்சி ஆசிரியை என்று ஒட்டிக்கொண்டு ஆறு வருஷமாகிறது. வருஷா வருஷம் டிசம்பரில் ஒப்பந்தம் முடியும். வருஷா வருஷம் ஜனவரியில் யாராவது பெரிய மனசு பண்ணிப் புதுப்பிப்பார்கள். இந்த வருஷம் நிரந்தர விரிவுரையாளர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு வேண்டியதெல்லாம் அவளிடம் இருந்தது, ஒன்றைத் தவிர. விண்ணப்பிப்பவர் பெயரில் குறைந்தது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, இதழிலோ இணையக் களஞ்சியத்திலோ, வெளிவந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு விண்ணப்பம் வாங்குவது நின்றுவிடும்.

ஹார்ஸ்ஃபால் ஒன்பது வருஷமாக சுவாவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பூப்போட்ட சட்டை போடுவார், தரையில் பாயில் உட்காருவார், இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டதாக நினைப்பு. போன வருஷம் அவர் சாதாரண எழுத்து மென்பொருளில் அடித்து அனுப்பிய கட்டுரை, ஒழுங்காக, கணக்குக் குறிகளை அச்சுக்குக் கோக்கும் லேட்டெக் மென்பொருளில் கோத்து அனுப்பவும் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கையெழுத்தில் நாற்பது பக்கத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டுவிட்டு, "உனக்குப் பொறுமை உண்டு, வசே. கத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளை வசே என்று கூப்பிட வீட்டு மனிதர்களுக்குத்தான் உரிமை. அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

கற்றுக்கொண்டாள். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. முதல் நாள் ஒரே ஒரு பக்கம் அடித்து ஓட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு பிழைகள் என்றது கணினி. உட்கார்ந்து தேடினால், எங்கேயோ ஓர் அடைப்புக்குறியைத் திறந்தவள் மூடவில்லை. மூடியதும் இருநூறு பிழைகள் மாயமாகிவிட்டன. மீதிப் பதினான்கோடு சாயங்காலம் வரை மல்லுக்கட்டினாள். அட்டவணையை இங்கே வை என்றால் அது நாலு பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. பின்னத்துக்குள் பின்னம் வைத்தால் எழுத்து எறும்பாகச் சிறுத்தது. ஆறு வாரத்தில் அதன் குணமெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது. கோத்த பக்கத்தைப் பார்க்கிறபோது, தொகைக் குறியும் வர்க்கமூலமும் அதது இருக்க வேண்டிய இடத்தில் நிற்பதைப் பார்க்கிறபோது, அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த மென்பொருளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தேற்றத்துக்கும் சமன்பாட்டுக்கும் நாம் எண் போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு, பிற்பாடு அந்தப் பெயரைச் சொன்னால் எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். இல்லாத ஒன்றைச் சொன்னால் அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் இரண்டு கேள்விக்குறி போடும். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அப்படி இரண்டு கேள்விக்குறி வந்தது. துணைத் தேற்றம் 4, பகுதி இ-யின்படி என்று ஹார்ஸ்ஃபால் எழுதியிருந்தார். தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். துணைத் தேற்றம் 4-இல் அ இருந்தது, ஆ இருந்தது. இ என்று ஒன்று எங்கேயுமே இல்லை.

போய்க் கேட்டாள். "அது என் மண்டையில இருக்கு. ஆ மாதிரியேதான். நீயே ஏதாவது போட்டு நிரப்பிக்க" என்றார். ஆ மாதிரி இல்லை. ஆ ஒற்றை எண்களுக்கு மட்டும்தான் நின்றது. இரட்டை எண் வந்தால் அதன் வாதம் நடுவில் படுத்துக்கொண்டது. மொத்தக் கட்டுரையும் இல்லாத ஒரு தூணின் மேல் நின்றுகொண்டிருந்தது. எழுதியவருக்குத் தெரியவில்லை, கூட எழுதிய பிரிஸ்பேன்காரருக்கும் தெரியவில்லை. எழுத்துக் கோக்க உட்கார்ந்தவளுக்குத் தெரிந்தது.

பதினொரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பேருந்தில் வரும்போதும் போகும்போதும், மழைக்கு ஜன்னலில் இறக்கிவிட்ட தார்ப்பாய் மறைப்புக்குள் உட்கார்ந்து, பழைய தேர்வுத் தாள்களின் முதுகில் எழுதிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் 4(இ) இரண்டு பக்கத்தில் முழுசாக நின்றது. ஹார்ஸ்ஃபால் படித்துப் பார்த்து விசிலடித்தார். "மூணாவதா உன் பேரையும் போட்டுக்க. நியாயமா உனக்கு வர வேண்டியதுதான்" என்றார். அவர் அறையில் சொன்னார், பக்கத்தில் யாரும் இல்லை. அவள் தன் கையாலேயே தன் பெயரை ஆசிரியர் வரிசையில் அடித்தாள். அன்று சாயங்காலமே லம்பாசாவில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அம்மா பாதிரியாரிடம் சொன்னாள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அந்த நன்றி வரி.

தேநீர் முடிந்ததும் ஹார்ஸ்ஃபாலின் அறைக்கே போனாள்.

"டாக்டர், என் பேரு எங்க?"

"கடைசிப் பக்கத்துல இருக்கே. காட்டினேனே, பார்க்கலையா?"

"முதல் பக்கத்துல இருந்துச்சு. நீங்க போடச் சொன்னீங்க, நான் போட்டேன்."

"நான் சொன்னது நன்றி வரியத்தான், வசே. நீ வேற மாதிரி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

"அப்ப 4(இ)?"

"நல்ல உதவி. யாரு இல்லைன்னா? ஆனா உதவி வேற, ஆராய்ச்சி வேற. என் பென்சில் கூடத்தான் எனக்கு உதவி பண்ணுது."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் கூட இல்லை. வாஞ்சையாகச் சொன்னார். அந்த வாஞ்சைதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

துறைத் தலைவி கம்லேஷ் வதியிடம் போனாள். கம்லேஷ் கெட்டவள் இல்லை. விதிமுறைப் புத்தகத்தை விட்டு அங்கே இங்கே நகராதவள், அவ்வளவுதான். முழுக்கக் கேட்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு உன்னைத் தெரியும், வசேமதா. பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனா நீ ஒண்ணு சொல்ற, அவர் ஒண்ணு சொல்றாரு. நான் எதை வச்சு முடிவு பண்றது?"

"என் கணினியில பழைய கோப்பு இருக்கு, மேடம். அதுல என் பேரு இருக்கு."

"உன் கணினியில உன் பேரை நீ எப்ப வேணா அடிச்சுக்கலாம்னு சொல்லுவாரே. சொல்ல மாட்டாரா?"

சொல்லுவார்.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. அதுக்குள்ள ஏதாவது கெட்டியா கொண்டு வா. நான் கேக்குறேன்" என்றாள் கம்லேஷ்.

திங்கள் சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "பேரு வந்துடுச்சா? பாதிரியார் ஒரு பிரதி கேக்குறாரு. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போறாராம்." அச்சாக இன்னும் நாளாகும் என்று வசேமதா பொய் சொன்னாள். அந்தப் பொய்யையும் ஹார்ஸ்ஃபாலின் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

செவ்வாய் போனது. புதன்கிழமை மதியம் உணவுச் சாலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் உருளைக்கிழங்கு ரொட்டி பிரிக்காமலே ஆறிக்கொண்டிருந்தது. செவுலோனி வந்து எதிரில் உட்கார்ந்தான். அவன் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவன், அவளுடைய தாய்மாமன் மகன். மச்சான் முறை. அந்த முறையில் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக இருந்தால்தான் அவர்கள் ஊரில் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள்.

"ஏ அத்தை மவளே, ரொட்டிய முறைச்சா அது உனக்குப் பயந்து தானா வாய்க்குள்ள போயிடுமா?"

"போடா. வேலையப் பாரு."

"உன் மூஞ்சி, விக்காத மீன் மாதிரி இருக்கு. லம்பாசா சந்தையில வச்சா கூட ஒருத்தனும் தொட மாட்டான்."

அவள் பதிலுக்கு ஒன்றும் சொல்லாததைப் பார்த்ததும் அவன் கேலியை நிறுத்திவிட்டான். அவன் கேலியை நிறுத்தியதும் அவளுக்கு அழுகை முட்டியது. எல்லாவற்றையும் சொன்னாள். பென்சிலையும் சொன்னாள்.

"பென்சிலா?" என்றான் செவுலோனி. "சரி, பேரை எப்படி எடுத்தான் அந்த ஆளு? ஒரு அடைப்புக்குறி மூடத் தெரியாதுன்னு நீயே சிரிப்பியே."

"எடுக்கறது என்ன பெரிய வித்தையா? அந்த வரிக்கு முன்னால ஒரு சதவீதக் குறி போட்டா போதும். அதுக்கப்புறம் அந்த வரியில இருக்கிற எதுவும் அச்சுல வராது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எதையும் அழிக்காதீங்க டாக்டர், சதவீதக் குறி போட்டு வைங்க, வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம்னு. அவரும் பிரிஸ்பேன்காரரும் அதுக்குப் பின்னாலதான் ஒருத்தருக்கொருத்தர் குறிப்பு எழுதிக்குவாங்க."

"நீ சொல்லிக் கொடுத்த வித்தையில உன் கழுத்தையே அறுத்திருக்கான்."

"ஆமா."

"உலகம் பூரா படிக்கிற அந்த இணையக் களஞ்சியத்துல ஏத்தியாச்சுல்ல? பி.டி.எஃப் ஏத்தினானா?"

"இல்ல, அங்க நாம கோத்த பி.டி.எஃப் வாங்க மாட்டாங்க. நாம அடிச்ச மூலக் கோப்பத்தான் கேப்பாங்க, அவங்களே கோத்துக்குவாங்க. மூலக் கோப்பையும் அப்படியே..."

அவள் பாதியில் நிறுத்தினாள். மூலக் கோப்பையும் அப்படியே எல்லோரும் பார்க்க வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதனால்தான் ஏழு விஷயங்களை ஒரு தாளில் அச்சடித்து ஹார்ஸ்ஃபாலின் திரைக்கு மேலே ஒட்டியிருந்தாள். அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. அவர் ஒரு தடவை கூடப் படித்ததில்லை. அதன் மேலேயே இந்தப் பருவத்து ரக்பி ஆட்ட அட்டவணையை ஊசி குத்தி மாட்டிவிட்டார்.

"மச்சான், என் ரொட்டிய நீ தின்னு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

துறைக் கணினியில் கோப்பு இறங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தலைப்புக்குக் கீழே ஆசிரியர் வரிகள் இருந்தன. மூன்றாவது வரி அவளுடையதுதான். அவள் அடித்தது போலவே இருந்தது, எழுத்து மாறாமல். அதன் முன்னால் ஒரு சதவீதக் குறி மட்டும் புதிதாக நின்றது. அதற்கடியில் இன்னும் ஐந்து வரிகள், எல்லாம் சதவீதக் குறிக்குப் பின்னால். ஆர்.கே. என்றால் ரோரி கீன், பி.எச். என்றால் பிரெண்டன் ஹார்ஸ்ஃபால்.

% ஆர்.கே: மூணாவது பேரு யாரு?

% பி.எச்: எங்க டைப்பிஸ்ட். 4(இ) அவ போட்டதுதான். பேரை எடுத்துட்டேன்.

% ஆர்.கே: 4(இ) இல்லாம தேற்றமே நிக்காதேப்பா?

% பி.எச்: நிக்காது. ஆனா டைப்பிஸ்ட் பேரு மேல இருந்தா நம்மள எவன் மதிப்பான்? கடைசியில ஒரு நன்றி போட்டா குளிர்ந்துடுவா.

% ஆர்.கே: உன் இஷ்டம்.

வசேமதா அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை கடைசி வரி வரை ஒரே ஓட்டமாக ஓடினாள். இரண்டாம் தடவை, குளிர்ந்துடுவா என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. திங்கட்கிழமை அவள் சிரித்தாளே, கைதட்டலுக்கு நடுவில், அதை அந்த மனிதர் குளிர்ந்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் தடவை பிரிஸ்பேன்காரர் மேல் கோபம் வந்தது. தெரிந்தே கேட்டவர், தெரிந்தே விட்டவர். உன் இஷ்டமாம். அவள் உழைப்பில் இஷ்டம் சொல்ல இவர்கள் யார்? பக்கத்தை அச்சடித்தாள். இறக்கிய நாள், நேரம், களஞ்சியத்தின் முகவரி எல்லாவற்றையும் சேர்த்து மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கம்லேஷிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை கம்லேஷ் தன் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹார்ஸ்ஃபால் கையில் காப்பியோடு வந்தார்.

"இந்தச் சின்ன விஷயத்துக்கு மேடம் வரைக்கும் வரணுமா, வசே?" என்றார்.

கம்லேஷ் தாளை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பட்டியல் வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஆர்.கே. பி.எச். என்று எழுத்துகளையும் விடாமல் படித்தாள். நான்காவது வரி வருவதற்குள் ஹார்ஸ்ஃபால் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது எங்கேர்ந்து கிடைச்சுது?" என்றார் கடைசியில். "இது ரெண்டு சிநேகிதர்களுக்கு நடுவுல தனிப்பட்ட பேச்சு. என் கோப்புக்குள்ள கைய விட இவளுக்கு யாரு..."

"உங்க கோப்புக்குள்ள நான் கைய விடல, டாக்டர்" என்றாள் வசேமதா. திங்கட்கிழமை வராத குரல் இப்போது வந்தது. "களஞ்சியத்துல கிடக்கு. டோக்கியோவுல ஒருத்தன் படிக்கலாம், நைரோபியில ஒருத்தி படிக்கலாம். தனிப்பட்ட பேச்ச உலகத்துக்கே ஏத்தி விட்டது நீங்க. நான் என் பேரைத் தேடிப் போனேன், அவ்வளவுதான்."

"நான் அந்த அர்த்தத்துல எழுதல..."

"4(இ) இல்லாம நிக்காதுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு எத்தனை அர்த்தம் இருக்கு, டாக்டர்? நீங்க எதைச் சொல்றீங்க?"

அவர் கம்லேஷைப் பார்த்தார். கம்லேஷ் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தாள். இவர்கள் வருவதற்கு முன்பே அதில் வேண்டிய பக்கத்தைப் பிரித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"திருத்தின பிரதி இன்னிக்கே ஏறணும், பிரெண்டன்" என்றாள். "மூணு பேரோட. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னால அது என் திரையில தெரியணும். இல்லைன்னா இந்தத் தாளு ஒழுங்கு விசாரணைக் குழுவுக்குப் போகும். திரையில தெரிஞ்சா, தாளு குழுவுக்குப் போகணுமா வேண்டாமான்னு வசேமதாவைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

மத்தியானம் இரண்டு மணிக்கு ஹார்ஸ்ஃபால் அவள் மேசைக்கு வந்தார். அவள் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சதவீதக் குறிய எடுத்துட்டு, குறிப்பெல்லாம் அழிச்சுட்டு, திரும்ப ஏத்தணும். அவ்வளவுதானே? உனக்கு ரெண்டு நிமிஷ வேலை. நீயே பண்ணிடேன்."

"நீங்க போட்ட குறிதானே, டாக்டர். நீங்களே எடுங்க."

"எனக்கு அதெல்லாம் வராதுன்னு உனக்கே தெரியும், வசே."

"வசேமதா" என்றாள் அவள், படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். குறிப்புகளை அழிக்கும்போது ஓர் அடைப்புக்குறியையும் சேர்த்து அழித்துவிட்டார் போல. நூற்றுச் சொச்சம் பிழைகள் வந்திருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வது கேட்டது. வசேமதா எழுந்து போகவில்லை. ஒரு காலத்தில் போயிருப்பாள், கூப்பிடாமலே போயிருப்பாள். நாலேகால் மணிக்குத்தான் கோப்பு ஏறியது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் களஞ்சியத்தில் புதிய பிரதி வந்தது. மூன்று பெயர்கள். முதல் பக்கத்தை அச்சடித்து ஒன்றை விண்ணப்பத்தோடு இணைத்தாள், ஒன்றை அம்மாவுக்கு அனுப்ப உறையில் போட்டாள்.

விண்ணப்பத்தைக் கொடுக்கப் புறப்பட்டபோது ஹார்ஸ்ஃபால் தன் அறை வாசலில் நின்றிருந்தார். பூப்போட்ட சட்டை போட்டிருந்தார். சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏறிடுச்சு, பார்த்தியா? திருப்தியா?"

"பார்த்தேன்."

"ரோரி ராத்திரி கூப்பிட்டான். ரொம்பப் பயப்படுறான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பழைய பிரதி போயிடும்தானே? புதுசு வந்தா பழசு தானா அழிஞ்சிடுமில்ல?"

வசேமதா அவரைப் பார்த்தாள். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார். இந்த மனிதருக்கு ஒன்பது வருஷமாக யாராவது ஒருவர் எல்லாவற்றையும் செய்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"உங்க திரைக்கு மேல ரக்பி அட்டவணை இருக்கில்ல, டாக்டர்? அதைத் தூக்கிப் பாருங்க. ஏழாவது வரி."

அவர் உள்ளே போனார். ஊசியைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவள் கோத்து அச்சடித்த தாள் அங்கே அப்படியே ஒட்டியிருந்தது. சதவீதக் குறிக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு அனுப்பவும். ஒரு முறை ஏற்றிய பிரதியைக் களஞ்சியம் என்றைக்கும் அழிப்பதில்லை.

அவர் அதைப் படித்து முடித்தாரா என்று பார்க்க வசேமதா நிற்கவில்லை. மணி பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.